வீட்டுக் காகிதங்களுக்கு ஒரு தெளிவான பட்டியல்

அபிராமபுரத்தில் பழைய தனி வீடுகள் பலவும் அடுக்குமாடிகளாகிவிட்டன. ஒரு ஃபிளாட்டுக்கே தாய்ப்பத்திரம், கிரயப் பத்திரம், வில்லங்கச் சான்று, வரி ரசீது என்று காகிதங்கள் சேர்ந்துவிடுகின்றன. எது எங்கே இருக்கிறது என்ற பட்டியல், பெரும்பாலும் அதை எழுதியவர் வீட்டில் இல்லாத நேரத்தில்தான் தேவைப்படும். யார் எடுத்துப் பார்த்தாலும் புரியும்படி எழுதச் சில குறிப்புகள்:

1. முதல் படியில் நான்கைந்து தலைப்புகள் போதும்: வீடு, வங்கி, காப்பீடு, மருத்துவம், வண்டி. தேடுகிறவர் வாயில் முதலில் வரும் சொல்லே தலைப்பாக இருக்கட்டும். 'இதர' என்று ஒரு தலைப்பு வைத்தால் எல்லாம் அதிலேயே போய்ச் சேரும்.

2. ஒன்றுக்குள் அடங்குவதைச் சற்று உள்ளே தள்ளி எழுதுங்கள். ஒரு வரியில் ஒரே விஷயம்தான்.

வீடு
    கதவு எண்
        புதியது: 
        பழையது: 
    பத்திரம்
        தாய்ப்பத்திரம்: வங்கி லாக்கர்
        கிரயப் பத்திரம்: பீரோ, மேல் தட்டு, நீல ஃபைல்
    சொத்து வரி
        ரசீது: பீரோ, நடுத் தட்டு, பச்சை ஃபைல்

3. சென்னையில் பல வீடுகளுக்குப் புதிய எண், பழைய எண் என இரண்டு உண்டு. பழைய பத்திரத்தில் ஒன்றும் புதிய ரசீதில் இன்னொன்றும் இருக்கலாம். இரண்டையும் தனித்தனி வரியில் பெயரிட்டு எழுதுங்கள். சாய்கோடு போட்டுச் சேர்த்து எழுதினால் எது எதுவென்று தெரியாது.

4. மூன்று படிகளுக்கு மேல் உள்ளே போக வேண்டாம். பால், அதிகாரம், குறள் என்ற மூன்று படிகளில் 1330 குறள்களும் அடங்கிவிடுகின்றன. நம் வீட்டுக் காகிதங்களுக்கு அதற்கு மேல் தேவைப்படாது.

5. செல்போனில் நீண்ட வரி மடங்கி, உள்ளே தள்ளி எழுதியது குலைந்துபோகும். அதனால் 1, 1.2, 1.2.3 என்று எண்ணும் கொடுங்கள். எண்ணே இடத்தைச் சொல்லிவிடும். 1972 ஆகஸ்ட் 15-ல் அறிமுகமான பின்கோடு இப்படிப்பட்டதுதான். 600018-ல் முதல் மூன்று இலக்கங்கள் சென்னையையும், கடைசி மூன்று அஞ்சலகத்தையும் காட்டுகின்றன.

6. கம்ப்யூட்டரில் உள்ளே தள்ள 'டேப்' விசையை அழுத்தாமல், படிக்கு நான்கு இடைவெளி விடுங்கள். டேப்பின் அகலம் ஒவ்வொரு செயலியிலும் மாறும். மென்பொருள்காரர்கள் பயன்படுத்தும் 'யாமல்' என்ற கோப்பு வடிவத்தில், வரியை உள்ளே தள்ள டேப்புக்கு அனுமதியே இல்லை.

7. எக்செல்லில் எழுதினால், கணக்கு எண்ணின் முன்னால் உள்ள பூஜ்யம் காணாமல் போகும். நீளமான எண்ணில் 15-வது இலக்கத்துக்குப் பின் வருபவையும் பூஜ்யமாகிவிடும். எண்ணை அடிக்கும் முன்பே அந்தக் கட்டத்தை 'டெக்ஸ்ட்' என்று மாற்றிவிடுங்கள்.

8. 03/04 என்றால் மார்ச்சா, ஏப்ரலா என்ற குழப்பம் வரும். 2025 ஏப்ரல் 3 என்று மாதத்தின் பெயரோடு எழுதுங்கள்.

9. பாஸ்வேர்டு, ஏடிஎம் ரகசிய எண் ஆகியவற்றை இதில் எழுதக் கூடாது. பட்டியலின் தலையில், கடைசியாகத் திருத்திய தேதி இருக்கட்டும்.

10. எழுதி முடித்ததும் வீட்டில் ஒருவரிடம் கொடுத்து, போன வருடச் சொத்து வரி ரசீதை எடுத்து வரச் சொல்லுங்கள். நீங்கள் வாய் திறக்க வேண்டாம். அவர் எந்த வரியில் தயங்குகிறாரோ, அந்த வரியைத் திருத்துங்கள்.