எரிபொருள் இல்லாமல் ராக்கெட் போகுமா?

தம்பி தங்கைகளே, சூலியா தெருவில் கிழக்கே நடந்தால் கடல் வந்துவிடும். அங்கே ஃபெரி எப்படி நகருதுன்னு பாருங்க. தண்ணீரைப் பின்னால் தள்ளுகிறது, அதனால் முன்னால் போகிறது. தைப்பூசத்தில் வெள்ளித் தேரை இழுக்கும் காளைகளும் தரையைப் பின்னுக்கு உந்தித்தான் நடக்கின்றன. விண்வெளியில் தண்ணீரும் இல்லை, தரையும் இல்லை. அதனால் தள்ளிவிட வேண்டிய பொருளையும் ராக்கெட்டே சுமக்கிறது. சந்திரயான்-3இன் உந்துகலம் 2148 கிலோ. அதில் ஏறக்குறைய 1696 கிலோ அந்தப் பொருள்தான்!

இந்தச் சுமையே வேண்டாம் என்றார் பிரிட்டன் பொறியாளர் ரோஜர் ஷாயர். கூம்பு வடிவில் மூடிய உலோகப் பெட்டி, உள்ளே மைக்ரோவேவ் அலைகள், அவ்வளவுதான். பெயர் எம்டிரைவ். 2016இல் நாசாவின் ஒரு சிறு ஆய்வுக்குழு, கிலோவாட்டுக்கு 1.2 மில்லிநியூட்டன் உந்துவிசை கிடைத்ததாகக் கட்டுரை வெளியிட்டது. ஐந்தாறு அரிசி மணியின் எடைதான். ஆனால் அதே மின்சக்தியை ஒளியாகப் பாய்ச்சினால் கிடைப்பதைவிட இது சுமார் 360 மடங்கு! பெட்டி குவாண்டம் வெற்றிடத்தைத் தள்ளுகிறதோ என்று அவர்கள் ஊகித்தார்கள்.

வெற்றிடம் சும்மா காலியாக இல்லை என்பது உண்மைதான். மின்னூட்டம் இல்லாத இரண்டு உலோகத் தகடுகளை மிக நெருக்கமாக வைத்தால் ஒன்றையொன்று இழுக்கும் என்று 1948இல் காசிமிர் கணித்தார். 1997இல் லாமரோ அதைத் துல்லியமாக அளந்தார். ஆனா கவனிங்க, அந்த இழுப்பு தகடுகளுக்கு இடையில்தான். இரண்டையும் ஒரே கலத்தில் பொருத்தினால் கலம் நகராது. காருக்குள் உட்கார்ந்து டேஷ்போர்டைத் தள்ளினால் கார் நகருமா?

2021இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் டாஜ்மார் குழு இன்னும் நுட்பமான தராசில் சோதித்தது. உந்துவிசையே இல்லை. சூட்டில் கருவி விரிந்து, தராசைச் சற்று நகர்த்தியிருக்கிறது!

நம் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் 'வைமானிக சாஸ்திர'த்தையும் இதே மாதிரி சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 1974இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழக ஆய்வாளர்கள் படித்து, அந்த விமானங்கள் பறக்காது, நூலும் 20ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்டது என்றார்கள். அவர்களும் நம்மவர்கள்தான்.

எரிபொருள் இல்லாப் பயணம் வேறு வழியில் நடந்தே விட்டது. 2010இல் ஜப்பானின் இக்காரோஸ், 14 மீட்டருக்கு 14 மீட்டர் பாயை விரித்துச் சூரிய ஒளியின் தள்ளலில் ஓடியது. கிடைத்த விசை சுமார் 1.1 மில்லிநியூட்டன். அதே அஞ்சாறு அரிசி மணிதான், ஆனால் இதற்குக் கணக்கு சரியாக வருகிறது.