கீழ்கடற் செலவும் காத்திருத்தலும்

செலவு என்னுஞ் சொல் பண்டு வழிச்செல்லுதலைக் குறித்தது. இன்றோ பணங் கழிதலையே பெரிதுங் குறிக்கின்றது. கல்லூரிப் படிப்பு முடிந்தவுடன் தோழர் மூவர் நால்வராய்ச் சேர்ந்து, முதுகிலே ஒரு பையை மாட்டிக்கொண்டு, பினாங்கு தொடங்கிப் பாலித்தீவு வரையிற் சென்று மீள்வோர் இக்காலத்துப் பலராவர். அவருட் பெரும்பாலார் விமானத்தில் ஏறியும் இறங்கியும் பத்து நாளில் ஐந்து நகரங்களைக் கண்டு திரும்புகின்றனர். பணச்செலவு செய்தனர் என்பதில் ஐயமில்லை. வழிச்செலவு செய்தனரோ என்பதே வினா. நிலவழியுங் கடல்வழியுமாக அத்தீவுகளிற் செல்ல விரும்பும் நம் மாணவர்க்குப் பயன்படுமாறு, அவ்வழியின் இயல்பையும், அவ்வழிச் செல்வார் காத்திருக்கக் கற்றல் ஏன் இன்றியமையாதது என்பதையும் ஈண்டு ஒருவாறு எடுத்துரைப்பாம்.

முதற்கண் தேசப்படத்தை விரித்து நோக்குக. மலாய் நாட்டிற்கும் சுமத்திராவிற்கும் இடையே ஏறத்தாழ 800 கிலோமீட்டர் நீளமுள்ள மலாக்கா நீரிணை ஓடுகின்றது. இந்தியாவிலிருந்து சீனம் செல்லும் மரக்கலங்கட்கு இதுவே தலைவாயில். மே திங்கள் முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று மேற்றிசைக் கலங்களை இவ்வாயிலிற் கொண்டு சேர்க்கும். நவம்பர் முதல் மார்ச்சு வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்று சீனக் கலங்களைக் கொணரும். வந்த காற்று மீட்டுச் செல்லுங் காற்றன்று. ஆதலின், பாய்மரக் காலத்தில் வணிகர் தம் சரக்கை விற்றபின்னும் காற்றுத் திரும்புந்துணையும் மாதக்கணக்கில் அங்கே தங்கினர். தங்கினவர்க்கு வீடு வேண்டும், கிடங்கு வேண்டும், வழிபாட்டிடம் வேண்டும். இவ்வாறு எழுந்தனவே அந்நீரிணையின் நகரங்கள். காத்திருந்தோர் கட்டிய ஊர்கள் அவை என்பது மிகையாகாது.

இவ்வாறு காத்திருந்தவருள் மாணாக்கரும் உளர். சீனத் துறவியாகிய ஈ-த்சிங் கி.பி. 671இல் காந்தன் துறையினின்று புறப்பட்டு, இருபது நாளுக்குட் சுமத்திராவின் ஸ்ரீவிசய நகரை அடைந்தார். நாலந்தாவிற் கற்பதே அவர் நோக்கம். ஆயினும் ஸ்ரீவிசயத்தில் ஆறு மாதந் தங்கி வடமொழி இலக்கணம் பயின்ற பின்னரே கெடா வழியாக இந்தியா சேர்ந்தார். தம்மைப் பின்பற்றி வருவோரும் ஓரிரண்டு ஆண்டு அங்கே தங்கிப் பயின்று செல்லுதல் நலம் என எழுதிவைத்தார். பல்லாண்டு கழித்து 689இல், காகிதமும் மையும் வேண்டிச் சீனத்திற்குக் கடிதம் விடுப்பான் அவர் துறையில் நின்ற ஒரு கப்பலில் ஏறினார். அவ்வேளை நற்காற்றுக் கிளம்பவே வணிகர் பாய் விரித்தனர். கடிதத்தோடு ஆசிரியரும் சீனம் போய்ச் சேர்ந்தார்! அவ்வாண்டே உதவியாளர் சிலருடன் மீண்டு வந்தனர் என்பது வரலாறு. காற்று மனிதர்க்குக் காத்திராது என்பதற்கு இதனினும் இனிய சான்று வேண்டுவதில்லை.

மலாக்கா நகருக்கு வருவாம். 1400ஆம் ஆண்டையொட்டிப் பரமேசுவரன் என்னும் அரசனால் நிறுவப்பெற்று, 1511இல் போர்த்துக்கேசியர் கைப்பட்ட இந்நகரில், அயல் வணிகர்க்கெனத் துறைத்தலைவர் நால்வர் இருந்தனர். குசராத்தியர்க்கு ஒருவர், தமிழர், வங்காளர், பெகு நாட்டார் முதலியோர்க்கு ஒருவர், சாவகம் முதலிய தீவினர்க்கு ஒருவர், சீனர், சம்பா நாட்டார் முதலியோர்க்கு ஒருவர். இவர்க்கு 'ஷாபந்தர்' எனப் பெயர். அது பாரசீகச் சொல். இச்சொல்லை மாணவர் நினைவிற் கொள்க, பின்னர் வேண்டப்படும். போர்த்துக்கேசிய ஆசிரியர் தோமே பிரேஸ், இந்நகரில் 84 மொழிகள் பேசப்பட்டன என்று குறித்துள்ளார். காற்றை நோக்கித் தங்கிய தமிழ் வணிகர் அந்நாட்டு மகளிரை மணந்து பெருகிய குடியினரே மலாக்காச் செட்டிகள். அவர் பேசும் மொழி மலாய்; வழிபடுவது சைவ நெறி. 1781இல் எழுந்த அவர்தம் பொய்யாத விநாயகர் கோயில் இன்றும் அந்நகரில் உளது. மலாய் மொழியில் கப்பல் 'காப்பால்' எனவும், கடை 'கெடாய்' எனவும், பெட்டி 'பெத்தி' எனவும், கட்டில் 'காத்தில்' எனவும் வழங்குதலைக் காணுங்கால், வந்தவர் கடலிற் சென்றதும், விற்றதும், பின்னர் அங்கேயே படுத்துறங்கியதும் இந்நான்கு சொற்களினின்றே போதரும்.

நம் கல்லூரியார்க்கு உவப்பானதொரு செய்தியும் இந்நகரைப் பற்றி உண்டு. முத்துக்குளித்துறைப் பரதவரிடைத் தொண்டாற்றிய பிரான்சிஸ் சவேரியார் 1545இல் மலாக்கா சென்று, மக்காசார் தீவிற்குக் கப்பலையும் காலத்தையும் எதிர்நோக்கி மூன்று மாதந் தங்கினார். அம் மூன்று மாதத்தில் விசுவாசப் பிரமாணத்தையும் செபங்களையும் மலாய் மொழியிற் பெயர்ப்பித்துக் கற்றுக்கொண்டார். மக்காசார் செல்ல வாய்க்கவில்லை. 1546 தொடக்கத்தில் அம்போன் தீவை நோக்கிப் புறப்பட்டார். அவர் கற்ற மொழி அங்கே பயன்பட்டது.

பினாங்கும் சிங்கப்பூரும் பலரும் அறிந்தன. 1786இலும் 1819இலும் ஆங்கிலேயர் குடியேற்றிய இவ்விரண்டனுள், பையைச் சுமந்து கால்நடையாகத் திரிதற்கு ஏற்றது பினாங்கே. 1818இல் முடிந்த புனித ஜார்ஜ் ஆலயம், சீனர்தம் கருணைத் தேவி கோயில், 1833ஆம் ஆண்டின் மாரியம்மன் கோயில், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் ஆகிய நான்கும் ஒரு நாழிகை நடைக்குள் அடங்கும். சிங்கப்பூரில் உணவுக்கடைத் தொகுதிகளிலன்றி வேறிடத்தில் உண்ணப் புகுவோர் பணப்பை விரைவில் இளைக்கும் என்பது ஒன்றே கூறற்பாலது.

சிங்கப்பூரினின்று பாத்தாம் தீவிற்குப் பெர்ரிக் கப்பலில் ஒரு மணி நேரம். பாத்தாமிலிருந்து ஜாக்கர்த்தாவிற்கு இந்தோனேசிய அரசினர் கப்பலில் ஒரு நாளுக்கு மேற்படும். விமானம் இவ்வழியை இரண்டு மணிக்குட் கடக்குமாதலால், இக்கப்பலில் அயல்நாட்டார் மிகச் சிலரே காணப்படுவர். தாழ்ந்த வகுப்பில் நீண்ட வரிசையாகப் படுக்கைப் பலகைகள் உண்டு. கூலி வேலை முடிந்து ஊர் திரும்புவோர், குழந்தையோடு செல்லுந் தாய்மார், அட்டைப்பெட்டியிற் சாமான் கட்டிய இளைஞர் ஆகியோரே நம் அண்டை வீட்டார். முதியவரைப் 'பாக்' என்றும், மூதாட்டியரை 'இபூ' என்றும் விளிக்க; தந்தை, தாய் என்பன அவற்றின் பொருள். அவர் நம்மை 'அடிக்' என்பர். தம்பி என்றும் தங்கை என்றும் அஃது ஒருங்கே பொருள்படும். வினைச்சொல்லிற் காலங்காட்டும் விகுதியும், பெயரிற் பன்மை விகுதியும் இல்லாத அம்மொழியை ஒரு கடற்பயணத்தில் ஓரளவு பேசத் தொடங்கிவிடலாம். விமானத்திற் சென்றவர்க்கு இப்பள்ளி வாயாது.

சாவகத்தில் யோக்யகர்த்தாவிற்கு அணித்தே போரோபுதூர் இருக்கின்றது. எட்டு, ஒன்பதாம் நூற்றாண்டுகளில் எழுந்த இப்பௌத்தப் பெருங்கோயிலில் 504 புத்தர் படிமங்களும் 2,672 புடைப்புச் சிற்பப் பலகைகளும் உள்ளன. காண்போர் படிமங்களையே எண்ணி மீள்வர். யாம் காட்டவிரும்புவன, கப்பல்கள் செதுக்கப்பெற்ற பலகைகள் சிலவாம். அவற்றுள் ஒன்றில் இருபுறமும் மிதவை தாங்கிய பாய்க்கலம் அலைமேல் விரைகின்றது. அச்சிற்பத்தையே மாதிரியாகக் கொண்டு கட்டிய 'சமுத்திர ரக்ஷா' என்னுங் கலம் 2003இல் ஜாக்கர்த்தாவினின்று பாய் விரித்து, ஆப்பிரிக்காவைச் சுற்றி, 2004இல் கானா நாட்டை அடைந்தது. அக்கலம் இப்பொழுது கோயிற் பக்கத்துக் காட்சிசாலையில் வைக்கப்பெற்றுள்ளது. கல்லிற் கண்ட வடிவம் கடலிலும் மிதந்தமையால், செதுக்கிய சிற்பி கப்பலைச் செவியாற் கேட்டவனல்லன், கண்ணாற் கண்டவன் என்பது தெளிவு.

நிற்க, கூட்டாகச் செல்வார்க்குச் சில கூறுதும். நால்வர் கொண்ட குழு சிறந்தது. அறை இரண்டும் வாடகை வண்டி ஒன்றும் போதும். முதுகுப்பை பத்துக் கிலோவிற்கு மேற்படலாகாது. மேற்பட்டால் மூன்றாம் நாளே தோழரைச் சுமக்கும் பொறையும் நமக்கு அற்றுப்போம். கடவுச்சீட்டு ஆறு மாதத்திற்குக் குறையாமற் செல்லுபடியாதல் வேண்டும். பொதுச் செலவிற்கு ஒரு பணப்பை அமைத்து, ஒருவரே கணக்கெழுதுக. இவற்றினும் பெரிதாவது, ஒவ்வொரு கிழமைக்கும் வேலையின்றி ஒரு நாளை ஒதுக்கிவைத்தல். இதனை வீண் என்பார் பலர். அஃது எத்துணைப் பயனுடைத்தென்பது கடற்கரைக்கு வந்தபின் விளங்கும்.

சாவகத்தின் கீழ்க்கோடியிலுள்ள கெத்தாப்பாங் துறைக்கும் பாலியின் கிலிமானுக் துறைக்கும் இடைப்பட்ட கடல் மிகக் குறுகியது. ஒடுங்கிய இடத்தில் மூன்று கிலோமீட்டருக்குங் குறைவு. அக்கரை வீடுகள் கண்ணுக்குத் தெரியும். ஆயினும் அதன் நீரோட்டம் கொடிது. 2021 ஜூன் மாதத்தில் ஒரு பெர்ரிக் கப்பலும், 2025 ஜூலை மாதத்தில் மற்றொன்றும் இந்நீரிணையிலேயே மூழ்கிப் பலர் மாண்டனர். அலை மிகுங்காலத்தில் இத்துறைகளை அடைக்கும் அதிகாரம் பெற்ற துறைத்தலைவருக்கு இன்றும் 'ஷாபந்தர்' என்பதே பெயர். சுல்தான்களும் போர்த்துக்கேசியரும் ஒல்லாந்தரும் போயினர். பதவிப் பெயர் மட்டும் அழியாது நிற்கின்றது. இனி, பாலியின் மௌன விரத நாளாகிய 'நியெப்பி' மார்ச்சு மாதத்தையொட்டி வரும். அன்று துறையும் விமான நிலையமும் ஒருங்கே மூடப்படும், தெருவில் எவரும் நடவார், விளக்கேற்றார், விருந்தினரும் விடுதிக்குள்ளேயே இருத்தல் வேண்டும். அந்நாளிற் காத்திருத்தல் சமயக் கடமையாகிவிடுகின்றது.

பாலியினின்று லொம்போக் தீவிற்குச் செல்லும் கடல் இதனினும் அகன்றது, ஆழ்ந்தது. பாடாங்பாய்த் துறையினின்று பெர்ரிக் கப்பல் நான்கைந்து மணி நேரம் செல்லும். மழையற்ற ஜூலை, ஆகஸ்டு மாதங்களிலும் தென்கீழ்க் காற்றால் இங்கே அலை மிக உயரும். வானம் தெளிந்திருத்தல் கண்டு கடலுந் தெளிந்ததெனக் கொள்ளற்க. எம் தோழர் நால்வரும் ஒரு ஜூலை மாதத்தில் இத்துறையில் ஒன்றரை நாள் நிறுத்தப்பட்டனர். லொம்போக்கினின்று ஊர் திரும்பும் விமானச்சீட்டு முன்னரே வாங்கப்பட்டிருந்தது. மீன்படகுக்காரர் ஒருவர் கூலி பேசி ஏற்றிச்செல்ல இசைந்தார். மூவர் புறப்பட முனைய, ஒருவர் மட்டும் 'யான் ஏறேன்' என்றார். அவர் காரணம் ஒன்றும் விரித்துரைத்திலர், ஏனையோரும் வாதிட்டிலர். நால்வரும் கரையிலேயே இருந்தனர். விமானச்சீட்டு வீணாயிற்று, அவ்விழப்பு நால்வர் பேரிலும் சமமாக எழுதப்பட்டது. கடல் வழியில் அஞ்சுவோர் ஒருவரின் சொல்லே குழுவின் தீர்ப்பு என்பதைப் புறப்படுமுன்னரே பேசி முடிவு செய்துகொள்ளுதல் வேண்டும். துறையில் நின்று பேசத் தொடங்கினால், துணிந்தவர் குரலே மேலோங்கும்.

இக்கடலைப் பற்றிய சிறந்த அறிவும் காத்திருந்த ஒருவராலேயே உலகிற்குக் கிடைத்தது. ஆங்கில இயற்கை நூலாசிரியர் ஆல்பிரெட் ரசல் வாலேஸ் 1856இல் மக்காசார் செல்லக் கருதினார். சிங்கப்பூரினின்று நேரே செல்லுங் கப்பல் கிடைக்கவில்லை. ஆகவே ஒரு பாய்க்கலத்தில் இருபது நாட் கடல்வழி சென்று பாலியில் இறங்கி, இரண்டு நாளில் லொம்போக் சேர்ந்து, மக்காசார்க் கப்பலை எதிர்நோக்கி இரண்டு மாதத்திற்கு மேல் அங்கே தங்கினார். பாலியில் மரங்கொத்தியும் குக்குறுவானும் கண்டவர், லொம்போக்கில் அவற்றைக் கண்டிலர். மஞ்சட் கொண்டையுடைய வெண்கிளியையும், மண்மேடு குவித்து அதனுள் முட்டையிடும் கோழியினப் பறவையையும் கண்டார். இவை ஆஸ்திரேலியப் பகுதிக்கு உரியன. இரண்டு தீவுகள் எதிரெதிரே நிற்க, ஒன்றன் பறவை ஆசியாவைச் சார்ந்தும், மற்றொன்றன் பறவை ஆஸ்திரேலியாவைச் சார்ந்தும் இருந்தமை அவரை வியப்பித்தது. நேரே செல்லும் கப்பல் கிடைத்திருப்பின் இத்தீவுகளின் பக்கம் தாம் வந்திருக்கமாட்டார் என்பதை 1869இல் வெளியிட்ட நூலில் அவரே ஒப்புகின்றார்.

காரணம் பின்னர் விளங்கிற்று. பனியூழியில் கடல்மட்டம் ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்தபொழுது சுமத்திரா, சாவகம், போர்னியோ, பாலி யாவும் மலாய் நாட்டோடு ஒரே நிலமாயின; விலங்குகள் நடந்தே வந்தன. லொம்போக் நீரிணையோ ஆழங் குறைந்த இடத்தும் 250 மீட்டருக்குக் குறையாது. ஆதலின் அங்கே நீர் வற்றவில்லை. பசிபிக் கடலின் நீர் இந்தியக் கடலுட் பாயும் வாயில்களுள் இதுவும் ஒன்றாதலின், இன்றும் நீரோட்டம் இங்கே வலிது.

அவ்வெண்கிளி இன்று லொம்போக்கிற் காண்டற்கு மிக அரிது; பிடித்து விற்றமையே முதற்காரணம். 3,726 மீட்டர் உயர்ந்த ரிஞ்சானி எரிமலையும், மோட்டார் வண்டி ஓடாது குதிரை வண்டியே ஓடும் கிலித் தீவுகளும் பலரை ஈர்க்கின்றன. 2018 ஆகஸ்டில் நேர்ந்த நிலநடுக்கத்தில் இப்பகுதியில் 500க்கு மேற்பட்டோர் இறந்தனர். அத்தீவுகளிற் சிக்கிய பிரயாணிகள் கடற்கரையிற் கூடிப் படகுகளுக்குக் காத்திருந்தனர். கையில் நாள் எஞ்சியிருப்போர் லொம்போக்கின் கீழ்க்கரையிலுள்ள காயாங்கான் துறையினின்று சும்பாவா தீவிற்குக் கடந்து, அத்தீவின் நெடுவழியே சென்று, கொமோடோ, புளோரஸ் வரையிற் போகலாம். நாள் எஞ்சாதோர் லெம்பார்த் துறையிலேயே அடுத்த கப்பலின் நேரத்தை வினவுக.