ஊருக்குள் யாருக்கு இடம்?

"எலி வளையானாலும் தனி வளை வேண்டும்" என்பது நம் முன்னோர் வாக்கு. உணவு, உடை, உறையுள் என்று மனிதனின் அடிப்படைத் தேவைகளை மூன்றாக வகுத்துப் படிக்கிறோம். இவற்றுள் உறையுளுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. அரிசியையும் துணியையும் வேறு ஊரிலிருந்து வாங்கி வரலாம்; வீட்டை அவ்வாறு கொண்டுவர இயலாது. வீட்டுக்கு நிலம் வேண்டும். அந்த நிலம் யாரேனும் ஒருவருடைய அயலில் இருந்தே தீரும். ஆகவேதான், "ஏழைகளுக்கு வீடு வேண்டியதுதான், ஆனால் எங்கள் பகுதியில் வேண்டா" என்ற குரல் உலகின் பல ஊர்களில் எழுகிறது. இக்குரலைப் பழிப்பது எளிது. அப்படியே ஏற்பதும் எளிது. ஆராய்ந்து பார்ப்பதே மாணவியராகிய நமக்கு அழகு. அதற்கு அமெரிக்க நாட்டில் நடந்த ஒரு வழக்கு நல்ல பாடமாக அமைகிறது.

ஊரும் விதிகளும்

நியூ ஜெர்சி மாநிலத்தில், பிலடெல்பியா நகருக்கு அருகே உள்ளது மவுண்ட் லாரல் என்னும் ஊர். அதன் பரப்பு 22 சதுர மைல். 1950-ஆம் ஆண்டில் 2,817 பேரே வாழ்ந்த அவ்வூரில், 1970-ஆம் ஆண்டில் 11,221 பேர் வாழ்ந்தனர். நெடுஞ்சாலைகள் வந்தன, வயல்கள் மனைகளாயின. ஆனால், பல தலைமுறைகளாக அங்கே வாழ்ந்த கறுப்பின ஏழைக் குடும்பங்களின் நிலை இரங்கத்தக்கதாய் இருந்தது. கோழிக்கொட்டில்களாக இருந்தவற்றில் கூடச் சிலர் குடியிருந்தனர்.

அக்குடும்பங்களுக்காக 36 குறைந்த வாடகை வீடுகள் கட்டத் திட்டம் தீட்டப்பட்டது. ஊர் விதிகளோ குறுக்கே நின்றன. ஒரு குடும்பத்துக்கு ஒரு தனி வீடு. ஒரு மனை குறைந்தது 9,375 சதுர அடி, அதாவது நம் கணக்கில் 21 சென்ட்டுக்கு மேல். சில பகுதிகளில் 20,000 சதுர அடி! ஏழையால் இதை வாங்க முடியுமா? 1970-ஆம் ஆண்டில் அம்மக்கள் தங்கள் சிற்றாலயத்தில் கூடியிருந்தபோது, இங்கு வாழ வசதியில்லாதவர்கள் வெளியேற வேண்டியதுதான் என்ற பொருளில் மேயர் கூறிச் சென்றார்.

குழந்தைகள் காப்பகத்தில் ஆசிரியையாகப் பணிபுரிந்த எத்தல் லாரன்ஸ் என்ற அம்மையாருக்குச் சொந்த வீடு இருந்தது. எனினும், தம் மக்களுக்குப் பிறந்த ஊரிலேயே இடமில்லாமற் போவதை அவர் பொறுக்கவில்லை. 1971-ஆம் ஆண்டில் தொடுக்கப்பட்ட வழக்கின் முன்னணியில் அவர் நின்றார்.

அச்சத்தின் வேர்

ஊரார் ஏன் அஞ்சினர்? அந்நாட்டில் பள்ளிச் செலவின் கணிசமான பகுதி வீட்டு வரியிலிருந்து வருகிறது. சிறு வீடு தரும் வரி குறைவு. அதிலுள்ள பிள்ளைகளோ பலராகலாம். அதனால் அவ்வூரில் அனுமதிக்கப்பட்ட சில அடுக்கு வீடுகளுக்கும் ஒரு விந்தையான நிபந்தனை இருந்தது: ஒரே படுக்கையறை உள்ள வீட்டில் பள்ளி வயதுப் பிள்ளை இருத்தல் ஆகாது! பிள்ளைகளை வரவேற்க வேண்டிய ஊர், அவர்களைச் செலவுக் கணக்காக எண்ணியது. இதனோடு நெரிசல், குற்றம், வீட்டு விலைச் சரிவு ஆகிய அச்சங்களும் சேர்ந்துகொண்டன.

தீர்ப்பும் அதன் பின்னும்

1975-ஆம் ஆண்டில் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வளர்ந்துவரும் ஒவ்வோர் ஊரும், தன் வட்டாரத்தின் எளியோர் வீட்டுத் தேவையில் தனக்குரிய நியாயமான பங்குக்கு வழிசெய்ய வேண்டும் என்றது. 1983-இல் அதே நீதிமன்றம் அதை மேலும் வலியுறுத்தியது. ஆயினும் செங்கல் எழவில்லை. 1994-இல் எத்தல் லாரன்ஸ் காலமானார். 1997-இல்தான், காரசாரமான கூட்டங்களுக்குப் பின், ஊர் இசைவு தந்தது. 2000-ஆம் ஆண்டில் முதல் குடும்பங்கள் குடிபுகுந்தன. பின்னர் 140 வீடுகளாக வளர்ந்த அக்குடியிருப்பு அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

ஊரார் அஞ்சியது நடந்ததா? பிரின்ஸ்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர் டக்ளஸ் மாஸியும் அவருடன் பணிபுரிந்தோரும் இதை ஆராய்ந்து 2013-இல் நூலாக வெளியிட்டனர். குற்றம், வீட்டு விலை, வரி ஆகிய மூன்றையும் அண்டை ஊர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தனர். குடியிருப்பினால் கேடு விளைந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. அருகில் அப்படியொரு குடியிருப்பு இருப்பதே அக்கம்பக்கத்தில் பலருக்குத் தெரிந்திருக்கவில்லை! குடிவந்தோரின் வருவாய் உயர்ந்தது. பிள்ளைகளுக்கு அமைதியாகப் படிக்க இடம் கிடைத்தது.

மறுபக்கம்

இதைக் கொண்டு எல்லா அச்சமும் வீண் என்று முடிவுகட்டலாமா? கூடாது. செயின்ட் லூயிஸ் நகரில் 1950-களில் 11 மாடிகள் கொண்ட 33 கட்டடங்கள் எழுப்பப்பட்டன. புரூயிட்–ஐகோ என்பது அதன் பெயர். பராமரிப்புக்குப் போதிய பணமில்லை, மின்தூக்கிகள் பழுதாயின, குடும்பங்கள் வெளியேறின. 1972-இல் இடிக்கத் தொடங்கி, சில ஆண்டுகளில் அனைத்தும் தரைமட்டமாயின. எத்தல் லாரன்ஸ் குடியிருப்போ இரண்டு மாடி வீடுகளாக அழகுறத் திட்டமிடப்பட்டது. நல்ல முறையில் நிர்வகிக்கப்பட்டது. வேற்றுமை ஏழைகளிடத்தில் இல்லை. கட்டிய முறையிலும் காத்த முறையிலும் இருக்கிறது.

நாம் கற்பது

அயலாரின் கவலைகளை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். தண்ணீர் போதுமா? சாக்கடை தாங்குமா? பள்ளியில் இடம் உண்டா? பழுது பார்ப்பவர் யார்? இவை நேர்மையான கேள்விகள். குழாயும் சாலையும் வகுப்பறையும் நிதியும் இவற்றுக்கு விடையாகும். அவ்விடையைக் கேட்டுப் பெற ஊராருக்கு முழு உரிமை உண்டு. "எப்படிப்பட்டவர்கள் வருவார்களோ?" என்பது மற்றொரு வகை. குழாய் போட்டு இதைத் தீர்க்க முடியாது. இது கட்டடத்தைப் பற்றிய கேள்வியன்று. மனிதரைப் பற்றிய ஐயம். பல வேளைகளில் இரண்டாவது கவலை முதலாவதின் உடையை அணிந்து வருகிறது. அதை அடையாளம் கண்டுகொள்வதே கல்வியின் பயன்.

தோழியரே, நம் வீட்டைக் கூட்டுபவரும், நம் தெருவில் காய்கறி விற்பவரும், நம் சுவரை எழுப்பிய கொத்தனாரும் மாலையில் எங்கோ ஓரிடத்துக்குத் திரும்பிச் செல்கின்றனர். அவர்கள் உழைப்பு நம் அருகில் வேண்டும், உறைவிடம் மட்டும் தொலைவில் இருக்கட்டும் என்பது நியாயமாகுமா? நாளை ஊர்க்கூட்டங்களில் பேசப்போகிறவர்கள் நாம். தண்ணீரைப் பற்றியும் கேட்போம். வருகிறவர்களின் பிள்ளைகள் எந்தப் பள்ளிக்குச் செல்வார்கள் என்றும் அக்கறையோடு கேட்போம்.