மூலம்: வீட்டில் செய்ய வேண்டியதும் மருத்துவரிடம் விட வேண்டியதும்

‘மூலம், பௌத்திரம் ஆபரேஷன் இல்லாமல் குணம்’ என்ற நோட்டீஸ் ஒட்டாத பஸ் ஸ்டாண்டு சுவர் தமிழ்நாட்டில் அபூர்வம். நின்று படிக்கத்தான் கூச்சம். அந்தக் கூச்சத்தால் வீட்டிலும் சொல்லாமல், டாக்டரிடமும் போகாமல், ஆரம்பத்தில் எளிதாக அடங்கியிருக்கக்கூடிய தொல்லையைப் பலர் வருஷக்கணக்கில் வளர்த்துவிடுகிறார்கள். முதலில் வீட்டில் சரிசெய்ய முடிந்தவற்றைப் பார்ப்போம்.

1. ஆசனவாயின் உட்புறத்தில் ரத்தக்குழாய்கள் நிறைந்த மெத்தென்ற திசு எல்லோருக்கும் உண்டு. காற்றும் மலமும் கசியாமல் அடைத்துக்கொள்வது அதன் வேலை. நாள்தோறும் முக்கி முக்கி வெளிக்குப் போனால் அது வீங்கிச் சரியும். அதுதான் மூலம். உள்மூலம் பெரும்பாலும் வலிக்காது. மலம் கழித்த பிறகு பளிச்சென்ற சிவப்பு ரத்தம் சொட்டும். முற்றினால் சதை வெளியே வரும். முதலில் தானாக உள்ளே போகும், பிறகு விரலால் தள்ள வேண்டியிருக்கும், கடைசியில் தள்ளினாலும் போகாது. வெளிமூலத்தில் ரத்தம் உறைந்துவிட்டால் நீலம் பாரித்த கட்டி திடீரென்று கிளம்பும். உட்கார முடியாத வலி இருக்கும்.

2. மலம் இறங்கும்போதே பிளேடால் கீறியதுபோல் வலித்து, அதன்பின் நெடுநேரம் எரிந்தால் அது பெரும்பாலும் மூலமல்ல, ஆசனவாய் வெடிப்பு. பக்கத்தில் சிறு துளை விழுந்து சீழ் கசிந்தால் பௌத்திரம். மூன்றுக்கும் வைத்தியம் வேறு. பக்கத்து வீட்டுக்காரர் தடவிய களிம்பை வாங்கித் தடவுவதற்கு முன் இதை யோசியுங்கள். பௌத்திரம் எந்தக் களிம்புக்கும் ஆறுவதில்லை.

3. செல்போனைக் கழிப்பறைக்கு வெளியே வையுங்கள். கமோடில் உட்காரும்போது அடிப்பகுதிக்குத் தாங்கல் இல்லை. அந்தத் திசுவில் ரத்தம் இறங்கித் தேங்குகிறது. ஐந்து நிமிஷத்தில் வரவில்லையா, எழுந்து வந்துவிடுங்கள். செய்தித்தாளுக்கும் இதே சட்டம்தான்.

4. வெஸ்டர்ன் டாய்லெட் உள்ள வீட்டில் காலுக்கு அடியில் அரை அடி உயரமுள்ள ஒரு மணைப்பலகையோ பிளாஸ்டிக் முக்காலியோ போடுங்கள். முழங்கால் இடுப்பைவிட உயர்ந்தால் மலக்குடல் நேராகும். முக்க வேண்டிய அவசியம் குறையும். கால்வலி இல்லாதவர்களுக்கு இந்தியன் டாய்லெட்டே போதும்.

5. சாப்பிட்டதும் குடல் அசைவது இயற்கை. காலை டிபனோ காபியோ முடிந்த அரை மணி நேரத்துக்குள் ஒரு முறை போய்ப் பார்ப்பது நல்ல பழக்கம். வந்த உணர்வை அடக்குவதுதான் கெடுதல். ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நிற்கும் பெண்களும், பள்ளிக் கழிப்பறைக்குப் போகப் பயப்படும் பிள்ளைகளும் இப்படி அடக்கி அடக்கித்தான் மலச்சிக்கலைத் தேடிக்கொள்கிறார்கள்.

6. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 25 முதல் 30 கிராம் நார்ச்சத்து வேண்டும். 100 கிராம் வெள்ளைச் சோற்றில் அரை கிராம்கூட இல்லை. காலையில் இட்லி, மதியம் சாம்பார் சாதம், இரவு தோசை என்று ஓடும் வீட்டில் கணக்கு எங்கே சேரும்? 100 கிராம் கொய்யாவில் 5 கிராமுக்கு மேல் இருக்கிறது. தோலோடும் விதையோடும் சாப்பிடுங்கள். அவரை, கொத்தவரை, முருங்கைக்கீரை, கொண்டைக்கடலைச் சுண்டல், கம்பு ஆகியவற்றைச் சுழற்சியில் கொண்டுவாருங்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் கூட்டினால் வயிறு உப்பிக்கொள்ளும்; இரண்டு மூன்று வாரங்களில் படிப்படியாகக் கூட்டுவதே சரி.

7. மூலம் என்றதும் பாட்டிமார் சொல்வது கருணைக்கிழங்கு. சித்த மருத்துவத்தில் கருணைக்கிழங்கு லேகியமே உண்டு. நார்ச்சத்துள்ள நல்ல கிழங்கு என்ற அளவில் தாராளமாகச் சாப்பிடலாம். அதை மட்டுமே நம்பி ரத்தப்போக்கைக் கவனிக்காமல் விடக் கூடாது. புதிதாகத் தோண்டிய பிடிகருணை நாக்கை அரிக்கும். அதிலுள்ள ஊசிபோன்ற ஆக்சலேட் துகள்கள்தான் காரணம். சில வாரம் வீட்டில் போட்டு வைத்த கிழங்கை மண்போகக் கழுவித் தோலோடு குழைய வேகவைத்து, உரித்து மசித்து, புளிக்கரைசல் விட்டுக் கொதிக்கவைத்தால் காறல் அடங்கும். வெந்த பருப்பு சேர்த்து, இஞ்சி பச்சைமிளகாய் தாளித்தால் மசியல் தயார். சிறுநீரகக் கல் உள்ளவர்கள் அளவோடு நிறுத்திக்கொள்ளவும்.

8. சாப்பாட்டால் மட்டும் முடியாதவர்களுக்கு இசப்கோல் உமி. ஒன்றிரண்டு டீஸ்பூனை ஒரு பெரிய டம்ளர் தண்ணீரில் கலக்கி, கெட்டியாவதற்குள் குடித்து, மேலும் ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டும். தண்ணீர் குறைந்தால் உள்ளே போய் அடைத்துக்கொள்ளும். பலன் மறுநாளே தெரியாது; சில வாரம் விடாமல் எடுத்தால் ரத்தம் சொட்டுவது குறையும்.

9. இதய நோய், சிறுநீரக நோய் இல்லாதவர்கள் இரண்டு லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர் குடிக்கலாம். வெயிலில் வேலை செய்பவர்களுக்கு இன்னும் கூடுதலாக வேண்டும்.

10. வலிக்கும் அரிப்புக்கும் கைகண்ட வழி வெந்நீரில் உட்காருவது. அகலமான பிளாஸ்டிக் பேசினில் பாதிக்குக் கீழே வெதுவெதுப்பான நீர் ஊற்றுங்கள். முழங்கையின் உட்பக்கத்தை நனைத்துப் பாருங்கள். இதமாக இருந்தால் அந்தச் சூடு போதும். பத்துப் பதினைந்து நிமிஷம் உட்கார்ந்து எழுந்து, தேய்க்காமல் மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். மலம் கழித்த பிறகு ஒரு முறை, படுக்கப் போகுமுன் ஒரு முறை செய்தால் நல்லது. வெறும் நீரே போதும். டெட்டால் ஊற்றவே கூடாது. புண்ணான தோலை அது இன்னும் எரிக்கும்.

11. கழுவும்போதும் அப்படியே. சோப்பு போட்டுத் தேய்ப்பதும், ஹெல்த் ஃபாஸெட்டை முழு வேகத்தில் பீய்ச்சுவதும் வேண்டாம்.

12. ‘சூட்டினால் வந்தது, கோழிக்கறி தின்றதால் வந்தது’ என்பார்கள். கோழிமேல் பழி போடுவதில் நியாயமில்லை. பிரியாணி தின்ற அன்று காய்கறியும் தண்ணீரும் குறைந்துபோவதுதான் விஷயம். மிளகாய்க் காரமும் மூலத்தை உண்டாக்குவதில்லை. ஆனால் வெடிப்பு இருப்பவர்களுக்குப் போகும்போது எரியும், ஆறும்வரை குறைத்துக்கொள்ளலாம்.

13. மரத்துப்போகச் செய்யும் களிம்பு வலிக்குத் தற்காலிக ஆறுதல். ஸ்டீராய்டு கலந்ததை டாக்டர் சொல்லாமல் ஒரு வாரத்துக்கு மேல் தடவினால் தோல் மெலியும். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் நிலாவாரை நம் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் விளைந்து வெளிநாடுகளுக்கும் போகிற பேதி மருந்து. எப்போதாவது எடுக்கலாம், தானாகத் தினமும் எடுப்பதற்கானதல்ல.

14. கர்ப்பிணிகளுக்குக் கடைசி மாதங்களில் மூலம் வருவது சகஜம். பிரசவத்துக்குப் பிறகு பெரும்பாலும் தணியும். இரும்புச்சத்து மாத்திரை மலத்தை இறுக்கும், கறுப்பாக்கும். அதற்காக மாத்திரையை நிறுத்தாதீர்கள். நர்ஸிடம் சொன்னால் மாற்று வழி சொல்வார்.

15. நீலக்கட்டி கிளம்பி வலி உயிர்போகிறதென்றால் 72 மணி நேரத்துக்குள் டாக்டரிடம் போங்கள். இடத்தை மரத்துப்போகச் செய்து அதை எடுத்துவிட முடியும். நாள் கடந்துவிட்டால் வலி தானாகவே குறையத் தொடங்கும்; வெந்நீரும் வலி மாத்திரையுமே போதும்.

16. ரத்தம் என்றாலே மூலம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பெரிய ஆபத்து அதில்தான் இருக்கிறது. மலக்குடல் புற்றுநோயிலும் ரத்தம் வரும். இரும்பு மாத்திரை எடுக்காமலே மலம் தார்போல் கறுத்தாலும், ரத்தம் மலத்தோடு கலந்து வந்தாலும், வழக்கம் மாறி மலச்சிக்கலும் பேதியும் மாறி மாறி வந்தாலும், எடை குறைந்தாலும், சோகை தட்டினாலும் தள்ளிப்போடாதீர்கள். வயது 45ஐத் தாண்டியவர்களும், குடும்பத்தில் குடல் புற்று இருந்தவர்களும் முதல் முறை ரத்தம் பார்த்த உடனேயே காட்ட வேண்டும்.

17. அரசு மருத்துவமனையில் ஓ.பி. சீட்டு வாங்கும்போது அறுவை சிகிச்சைப் பிரிவு என்று கேளுங்கள். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொல்வார்கள். கையுறை போட்ட விரலாலும் சிறு குழாயாலும் பார்ப்பார்கள். சில நிமிஷ வேலை. பெண்கள் பெண் மருத்துவரையோ, உடன் ஒரு நர்ஸையோ கேட்கலாம். எல்லோருக்கும் ஆபரேஷன் என்பதில்லை. உள்மூலத்தின் அடியில் ரப்பர் வளையம் மாட்டினால் சதை சுருங்கி ஒரு வாரம் பத்து நாளில் உதிரும். அன்று கொஞ்சம் ரத்தம் வரலாம். தள்ளினாலும் உள்ளே போகாத மூலத்துக்குத்தான் பெரும்பாலும் கத்தி. லேசரும் மந்திரமல்ல, மறுபடி முக்கினால் மறுபடி வரும். சுவர் நோட்டீஸ் பார்த்துப் போய், பெயர் தெரியாத மருந்தை ஊசியால் ஏற்றிக்கொள்வதை மட்டும் செய்யாதீர்கள். ஆசனவாய் சுருங்கிப்போய்ப் பெரிய ஆபரேஷனில் முடியலாம்.

18. வீட்டிலுள்ள பெரியவர்கள் இதைத் தாமாகச் சொல்ல மாட்டார்கள். அப்பா கழிப்பறையில் அதிக நேரம் இருக்கிறார், அம்மா நாற்காலி நுனியில் உட்காருகிறார் என்று கண்டால் நீங்களே தனியாகக் கூப்பிட்டு, ‘ரத்தம் ஏதாவது போகுதா?’ என்று நேராகக் கேட்டுவிடுங்கள்.