ஆடியில் பெய்த கார்: பருவக் கவிதைக் குறிப்பேடு

பத்தாம் வகுப்பில் அகப்பொருள் இலக்கணம் நடத்திவிட்டு, ஆறு பெரும்பொழுதுகளுக்கும் உரிய மாதங்களை எழுதச் சொன்னேன். கார்காலத்திற்கு நேராக ‘ஆனி, ஆடி’ என எழுதியிருந்தாள் ஒரு மாணவி. சிவப்பு மையால் அடித்து, ‘ஆவணி, புரட்டாசி’ என்று திருத்தினேன். “டீச்சர், ஆடியிலதானே நம்ம ஊர்ல விடாத மழை? துணிகூட காயாதே” என்றாள்.

இலக்கணப்படி ஆனியும் ஆடியும் முதுவேனில். உதகைப் பகுதியிலோ அவை தென்மேற்குப் பருவமழைக்காலம். அவளுடைய விடை தேர்வுக்குத் தவறு. அவள் கண்டது உண்மை. இரண்டையும் ஒருசேரக் கற்பிக்க நான் தொடங்கியதே பருவக் கவிதைக் குறிப்பேடு.

நாற்பது பக்க நோட்டை ஆறு பகுதிகளாகப் பிரித்தோம். ஒவ்வொரு பகுதியின் தலைப்பிலும் பெரும்பொழுதின் பெயரும் நூல் கூறும் மாதங்களும் இடப்பக்கம். அந்த மாதங்களில் எங்கள் ஊரில் நிகழ்வது வலப்பக்கம். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் பத்து நிமிடம் வெளியே நிற்போம். பிறகு மூன்று வரி எழுத வேண்டும்: கண்டது ஒன்று, கேட்டது அல்லது தொட்டது ஒன்று, அன்று வீட்டில் நிகழ்ந்தது ஒன்று. உவமை கட்டாயமில்லை.

முதல் மாதம் எல்லா நோட்டிலும் ‘முத்துப் போன்ற பனித்துளி’தான். கட்டுரை நூல்களில் படித்த பனி அது. இதை மாற்ற ஜப்பானிய ஹைக்கூ உதவியது. மரபான ஹைக்கூவில் பருவத்தை உணர்த்தும் சொல் ஒன்று இருக்கும். இக்கவிதை வடிவைப் பாரதியார் 1916ஆம் ஆண்டிலேயே தமிழருக்கு அறிமுகப்படுத்தினார் என்பதைக் கூறி, நம் ஊரின் பருவச் சொற்களைத் தொகுத்துவரச் சொன்னேன். உறைபனி, கொழுந்து, கம்பளி, கேரட் அறுவடை, சீசன் கூட்டம் என்று பட்டியல் நீண்டது. குன்னூர், கோத்தகிரியில் உறவினர் உள்ளவர்கள், “அங்கே ஐப்பசியில்தான் பெருமழை” என்றார்கள். ஒரே மாவட்டத்தில் இரண்டு கார்காலம்!

மார்கழியில் ஒரு மாணவன் எழுதியது:

உறைபனி விழுந்த காலை
கொழுந்து கருகிக் கிடக்கிறது
அம்மா இன்று சீக்கிரம் வந்துவிட்டார்

‘வருத்தத்தை இன்னும் விளக்கலாம்’ என்று எழுதப் பேனாவை எடுத்தேன், வைத்துவிட்டேன். கொழுந்து இல்லையேல் பறிக்க வேலையில்லை, வேலை இல்லையேல் கூலியில்லை என்பது அந்த வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். அவன் அதைப் படித்தபோது வகுப்பு அமைதியாக இருந்தது.

இந்த நோட்டில் சிவப்பு மை கிடையாது, மதிப்பெண்ணும் கிடையாது. எழுத்துப்பிழைகளைத் தனித்தாளில் குறித்துத் தருகிறேன். ‘காட்சியைக் கண்டு கவினுற எழுதுக’ என்னும் தேர்வு வினாவுக்கு, மனப்பாட வரிகளை விட்டுப் பலர் சொந்தமாக எழுதத் தொடங்கியிருக்கிறார்கள். பெரும்பொழுதுகளையும் இப்போது குழப்பிக்கொள்வதில்லை. நூலின் காரும் ஊரின் காரும் எங்கே வேறுபடுகின்றன என்று அவர்களே சொல்கிறார்கள்.

கடலோரத்திலும் கரிசல் மண்ணிலும் பணியாற்றும் ஆசிரிய நண்பர்களே, உங்கள் ஊரில் கார் எந்த மாதம் வருகிறது? அடுத்த முறை இப்பாடம் நடத்தும்போது, முதலில் மாணவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.