டேட்டாவிலிருந்து சாஃப்ட்வேருக்கு: மாறும் முன் யோசிக்க

ஹைதராபாத்தின் தார்நாகா விடுதிகளில் தங்கி, மெட்ரோவில் ராய்துர்க் வரை போய் வேலை பார்க்கும் தமிழ்ப் பிள்ளைகளிடம் இப்போது ஒரே பேச்சு: “டேட்டா இன்ஜினியரிங் போதும் சார், டெவலப்மென்ட் பக்கம் போயிடறேன்.” வேலைக்குச் சேர்ந்து ஓரிரு வருடம்கூட ஆகியிருக்காது. ஏன் என்று கேட்டால், அறைத்தோழன் அப்படி மாறிவிட்டானாம். ஊரில் அப்பா அடுத்த வீட்டுப் பையனின் சம்பளத்தைச் சொல்லிக் காட்டுகிறார்.

இருக்கும் வேலையிலேயே தேறலாம், கம்பெனிக்குள் டீம் மாறலாம், கேட் தேர்வு எழுதி எம்.டெக். போகலாம். இவை எல்லோருக்கும் தெரிந்த வழிகள். நான் பயப்படுவது நான்காவது வழிக்கு: வேலையை விட்டுவிட்டு அமீர்பேட்டையில் சில மாத ‘ஃபுல் ஸ்டாக்’ கோர்ஸ். தார்நாகாவில் ஏறினால் அதே மெட்ரோ தடத்தில் அமீர்பேட்டை. மைத்ரிவனத்தைச் சுற்றி எங்கு பார்த்தாலும் கோர்ஸ் பேனர்கள். அங்கே நன்றாகச் சொல்லித்தரும் ஆசிரியர்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஜாவா, ஸ்பிரிங் பூட், ரியாக்ட் என்று அவசரமாக முடித்து வருபவர், புதிதாகப் படித்து வருகிறவர்களோடு அதே வரிசையில் நிற்க வேண்டும். கையிலிருந்த டேட்டா அனுபவத்துக்கு அங்கே மதிப்பில்லை. அப்போதுதான் யாராவது, “ரெஸ்யூமேயில் மூன்று வருட அனுபவம் போட்டுக்கொள்” என்பார்கள். தயவுசெய்து போடாதீர்கள். 2014 முதல் பி.எஃப். கணக்குக்கு யு.ஏ.என். எண் வந்துவிட்டது; எந்தக் கம்பெனியில் எப்போது சேர்ந்தீர்கள், எப்போது விலகினீர்கள் என்பது அதில் தெரியும். சேர்ந்த பிறகு சரிபார்ப்பில் சிக்கினால், இந்த வேலையோடு அடுத்த வேலைக்கான வாய்ப்பும் போகும்.

நான் டேட்டாவிலேயே வளர்ந்தவன், அதனால் என் சாய்வு அந்தப் பக்கம்தான். ஆனால் டேட்டாவும் சாஃப்ட்வேரும் வேறு வேறு உலகமில்லை. ஸ்பார்க் 2009-இல் பெர்க்லியில் தொடங்கியது. காஃப்கா லிங்க்ட்இன்னில் பிறந்தது. ஏர்ஃப்ளோ 2014-இல் ஏர்பிஎன்பியில். டேட்டாவோடு மல்லுக்கட்டியவர்கள் எழுதிய மென்பொருள்தான் இவை. உங்கள் பைப்லைன் ராத்திரி பாதியில் நின்று, திரும்ப ஓட்டியதும் ஒரே பதிவு இரண்டு முறை ஏறுகிறதா? எத்தனை முறை ஓட்டினாலும் ஒருமுறைதான் ஏறும்படி அதைத் திருத்தி எழுதுங்கள். டெஸ்ட் எழுதுங்கள், கோட் ரிவ்யூ கேளுங்கள். அங்கேயே சாஃப்ட்வேர் இன்ஜினியரிங் தொடங்கிவிடுகிறது.

அப்படித் திருத்தும்போது நேரம் போவதே தெரியாவிட்டால், மாறுங்கள். உடைந்த ‘கோட்’டைவிட அந்த டேட்டாவின் எண்கள் என்ன சொல்கின்றன என்பதில் மனம் போனால், டேட்டா மாடலிங்கும் அனலிடிக்ஸும் உங்களுக்கானவை. அதில் குறைவு ஒன்றுமில்லை. உங்கள் மனம் எந்தப் பக்கம் என்று தெரிய ஒரு வருடமாவது ஆகும். பெற்றோரே, அந்த ஒரு வருடத்தைப் பிள்ளைக்குக் கொடுங்கள். மாதாமாதம் சம்பளக் கணக்கு கேட்டு விரட்டாதீர்கள்.

மாறுவதென்று முடிவானால், ராஜினாமாவுக்கு முன் மேனேஜரிடம் டேட்டா பிளாட்ஃபார்ம் டீமில் இடம் கேளுங்கள். பழைய அனுபவமும் கணக்கில் வரும், கோட் எழுதுவதே முழுநேர வேலையாகவும் இருக்கும்.