மீட்டரைப் பார்த்துப் பழகு, பாப்பா

மே மாச கரண்ட் பில்லைப் பார்த்ததிலிருந்து செல்போன் சார்ஜரையெல்லாம் பிடுங்கிப் பிடுங்கி வைக்கிறாயாமே, பாப்பா. அதை விடு. 1,000 வாட் சாமான் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். அந்த ஒரு யூனிட்டில் உன் போனை நாற்பது தடவை முழுசாக சார்ஜ் போடலாம். தினமும் போட்டாலும் ரெண்டு மாசத்துக்கு ஒன்றரை யூனிட்தான் ஆகும். ரெண்டு லிட்டர் கிரைண்டர் 150 வாட். முக்கால் மணி நேரம் மாவாட்டினாலும் ஒரு யூனிட்டில் ஒன்பதில் ஒரு பங்குதான். மிக்ஸி சத்தம் போடுமே தவிர, சட்னிக்கு ஓடுகிற ரெண்டு நிமிஷத்தில் என்ன பெரிசாக இழுத்துவிடும்? கரண்ட் மிச்சம் பிடிக்கிறேன் என்று பாக்கெட் மாவுக்கு மாறாதே. உங்க அத்தை சொன்னாலும் மாறாதே.

யூனிட்டைத் தின்பவை ரெண்டே வகை. சூடாக்குவதும் குளிர வைப்பதும் ஒரு வகை: ஏசி, கெய்சர், ஃப்ரிட்ஜ், அயர்ன் பாக்ஸ், இண்டக்‌ஷன் அடுப்பு. நாள் முழுக்க நிறுத்தாமல் ஓடுபவை இன்னொரு வகை. டிவியை ரிமோட்டில் அணைத்துவிட்டு செட் டாப் பாக்ஸை அப்படியே விட்டிருப்பாய். அது 10 வாட் இழுத்தால் ரெண்டு மாசத்துக்கு 14 யூனிட். உன் போனைப் போல ஒன்பது போனுக்குச் சார்ஜ் போடுகிற கரண்ட். அந்த ஸ்விட்சைத் தூங்கப் போகும்போது அணை.

இப்போது பில்லுக்கு வருவோம். 2016 மே மாசத்தில் தமிழ்நாட்டில் எல்லா வீட்டுக்கும் ரெண்டு மாசத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் ஆனது. அதற்கு மேல் 2024 ஜூலைக் கட்டணப்படி, 500 யூனிட்டுக்குள் நின்றால் 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.35 ரூபாய், 400 வரை 4.70, 500 வரை 6.30. கூட்டிப் பார்த்தால் 500 யூனிட்டுக்கு 1,805 ரூபாய். 501 ஆனால் என்ன ஆகும்? அந்த ஒரு யூனிட்டுக்கு மட்டும் 8.40 என்று நினைத்தால் ஏமாந்து போவாய். 101 முதல் 200 வரை கிடைத்த 2.35 சலுகையே போய், அந்த நூறு யூனிட்டும் 4.70க்கு ஏறிவிடும். பில் 2,048 ரூபாய். ஒரே ஒரு யூனிட்டுக்கு 243 ரூபாய்! அதற்கப்புறம் 600ஐத் தொட்டால் 2,880, 700ஐத் தொட்டால் 3,825. அடுத்த முறை கட்டணம் மாறினால் புது ரேட்டை எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டு. எந்த இடத்தில் ஸ்லாப் மாறுகிறது என்று வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருக்கணும்.

500க்கு ஒரு நாள் கணக்கு எட்டு யூனிட் சொச்சம். ரீடிங் எடுத்த அன்றைக்கே மீட்டரை போனில் ஒரு போட்டோ எடுத்து வை. அப்புறம் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஒன்று. வாரத்துக்கு 58க்கு மேல் போகிறதா என்று பார்த்தால் போதும். ஐம்பதாவது நாள் 440இல் இருந்தால், மீதி பத்து நாளும் ஒரு நாளைக்கு ஆறு யூனிட்தான் கையில். அந்தப் பத்து நாள் அயர்ன் பண்ண வேண்டிய துணி மூட்டையைத் தள்ளி வை. ரெண்டு மூன்று ராத்திரி எல்லாரும் ஒரே ரூமில் படுங்கள். ரீடிங் எடுக்க வருகிறவர் நாலு நாள் தாமதமாக வந்தால் அந்த நாலு நாள் யூனிட்டும் சேர்ந்துதான் ஏறும். அதனால் எல்லையை 500 என்று வைக்காமல் 470 என்று மனசில் வைத்துக்கொள். பில்லில் வந்த ரீடிங் உன் போட்டோவோடு ஒத்துப்போகவில்லை என்றால் மின் வாரியப் புகார் மையமான மின்னகத்தைக் கூப்பிடு, 94987 94987. கையில் தேதியோடு போட்டோ இருக்கிறவளுக்குப் பேச்சு சுலபம்.

உன் பில்லைத் தூக்கியது ஏசிதான், அதில் சந்தேகமே வேண்டாம். ஒன்றரை டன் இன்வெர்ட்டர் ஏசி எட்டு மணி நேரம் ஓடினால் ராத்திரிக்கு அஞ்சு, ஆறு யூனிட் என்று வை. ரெண்டு மாசத்துக்கு அதுவே 300ஐத் தாண்டும். பழைய ஏசி என்றால் இன்னும் கூட. மாப்பிள்ளை வந்ததும் 18இல் வைக்கிறார் என்றாய். 18இல் வைத்தால் ரூம் ஒன்றும் வேகமாகக் குளிராது, எங்கே போய் நிற்கணும் என்பதுதான் மாறும். 2020 ஜனவரியிலிருந்து ஏசிகளை ஆன் செய்ததும் 24இல்தான் தொடங்கணும் என்று மத்திய அரசின் எரிசக்தித் திறன் செயலகம் விதி கொண்டுவந்தது. ஒரு டிகிரி ஏற்றினால் சுமார் 6 சதவீதம் மிச்சம் என்பது அவர்கள் சொல்கிற கணக்கு. நீ 26இல் வைத்து ஃபேனை மெதுவாக ஓடவிடு. குழந்தைக்கும் விடிகாலையில் தும்மல் வராது.

உன் வீடு மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கிறது. பகலெல்லாம் காய்ந்த கான்கிரீட் ராத்திரிதான் உள்ளே சூட்டை இறக்கும். கதவைச் சாத்தி நேரே ஏசியைப் போட்டால் அது முதல் ஒரு மணி நேரம் அந்தச் சூட்டோடுதான் மல்லுக்கட்டும். ராத்திரி ஏழு மணிக்கு ஜன்னலைத் திறந்து ஃபேனைப் போட்டு அரை மணி நேரம் புழுக்கத்தை வெளியே தள்ளு, அப்புறம் ஏசி. மேற்குப் பக்க ஜன்னலுக்கு மத்தியானமே திரை இழுத்துவிடு. ரெண்டு வாரத்துக்கு ஒரு முறை ஃபில்டரைக் கழற்றிக் குழாயடியில் அலசு. நாலரை மணிக்கு அணைகிற மாதிரி டைமர் வை. அந்தக் குளிர் ஆறு வரை நிற்கும்.

கையில் கொஞ்சம் காசு சேர்ந்தால் முதலில் மாற்ற வேண்டியது ஃபேன். இதை நிறையப் பேர் கவனிப்பதே இல்லை. பழைய சீலிங் ஃபேன் 75 வாட், பிஎல்டிசி ஃபேன் அதே காற்றுக்கு 30 வாட். நம்ம வீடுகளில் ஹால் ஃபேன் தினம் 18 மணி நேரம் சுற்றும். ஒரு ஃபேனை மாற்றினாலே ரெண்டு மாசத்துக்கு 48 யூனிட் குறையும். அதே அளவு சுற்றுகிற மூன்றை மாற்றினால் 140க்கு மேல். 600ஐத் தொடுகிற வீடு 500க்குள் இறங்க அதுவே போதும். மூன்றையும் ஒரே தடவை வாங்கச் சொல்லவில்லை. அதிகம் சுற்றுவது எதுவோ அதில் ஆரம்பி.

ஃப்ரிட்ஜை ராத்திரி அணைக்கிற பழக்கம் இருந்தால் நிறுத்து. காலையில் ஏறின சூட்டை இறக்க அது திரும்ப ஓடணும், பால் கெட்டால் அந்த நஷ்டம் வேறு. அதைவிட, கதவிடுக்கில் ஒரு பத்து ரூபாய் நோட்டை வைத்து மூடி இழுத்துப் பார். வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பர் தளர்ந்துவிட்டது, மாற்று. சுவரோடு ஒட்டியிருந்தால் நாலு விரல்கடை முன்னால் இழு. கெய்சர் 2,000 வாட். கால் மணி நேரத்துக்கு அரை யூனிட், அவ்வளவு போதும். போர் தண்ணீர் உப்பு என்றாயே, காயிலில் உப்புப் படிந்திருந்தால் அதே தண்ணீருக்குக் கூடுதல் நேரம் ஓடும், சர்வீஸுக்குச் சொல்.

இவ்வளவு செய்தும் யூனிட் ஏறினால் மீட்டரிடமே கேட்கலாம். அதில் ஒரு சிவப்பு விளக்கு மின்னும், பார்த்திருப்பாய். யூனிட்டுக்கு எத்தனை தடவை மின்னும் என்று மீட்டரிலேயே அச்சிட்டிருக்கும். 3200 என்று இருந்தால், கெய்சர் மட்டும் ஓடும்போது நிமிஷத்துக்கு நூறு தடவைக்கு மேல் மின்னும். 9 வாட் எல்இடி பல்பு மட்டும் எரிந்தால் ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவைதான். வீட்டில் எல்லா ஸ்விட்சையும் அணைத்து, ஃப்ரிட்ஜ், வைஃபை, இன்வெர்ட்டர் பிளக்கையும் பிடுங்கிவிட்டுப் போய்ப் பார். அப்போதும் மின்னினால் எங்கோ லீக்கேஜ் இருக்கிறது, இல்லையென்றால் மாடிப்படி லைட்டோ பொது மோட்டாரோ உன் லைனில் கொடுத்திருக்கிறார்கள். எலக்ட்ரீஷியனை அழைத்து வந்து அந்த விளக்கு மின்னுவதைக் காட்டு.

அடுத்த வருஷம் வீடு மாறப்போகிறேன் என்றாயே. அட்வான்ஸ் கொடுக்கும் முன்னால் வாடகையோடு இதையும் கேள்: தனி சர்வீஸா, சப்-மீட்டரா? அந்த 2024 ஜூலை ரேட்டில் 300 யூனிட்டுக்குத் தனி சர்வீஸில் 705 ரூபாய்தான். சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று வாங்கினால் அதே 300க்கு 2,400. மாசத்துக்கு 850 ரூபாய் கூடக் கொடுக்கிறாய் என்று அர்த்தம். வாடகை 500 குறைவு என்று அந்த வீட்டை எடுத்தால் நஷ்டம் உனக்குத்தான். இலவச யூனிட் யாருக்குப் போகிறது என்று ஓனரிடம் நேராகவே கேள். இதில் கூச்சப்பட எதுவும் இல்லை.

கடைசியாக ஒன்று. சமையலறையில் இண்டக்‌ஷனை எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகியிருந்ததை வந்தபோதே பார்த்தேன். சாதாரண 6 ஆம்ப் பிளக் தாங்குவது 1,300 வாட் சொச்சம், உன் அடுப்பு 2,000. அதற்கு 16 ஆம்ப் பாயிண்ட் வேண்டும், அதுவும் சுவரிலிருந்து நேரே. அடுப்பை அணைத்துப் பிளக்கைத் தொட்டுப் பார், வெதுவெதுப்பாக இருந்தால் அந்தப் பாக்ஸை இன்றைக்கே எடுத்துவிடு. ஷாக் அடித்தால் விழுகிற பிரேக்கர் ஒன்று மெயின் போர்டில் இருக்கும். அதில் டெஸ்ட் பட்டனை மாசம் ஒரு தடவை அமுக்கு. டப்பென்று விழணும். விழவில்லை என்றாலோ, அப்படி ஒன்று இல்லவே இல்லை என்றாலோ, ஓனர் செலவா உன் செலவா என்று பேசிக்கொண்டிருக்காமல் இந்த வாரமே போட்டுவிடு. பணத்தை அப்புறம் வாடகையில் கழித்துக்கொள்ளக் கேட்கலாம்.